கஞ்சமலையும் திருவாதிரையும்

மார்கழித் திங்களின் முன்னிரவில் நாமக்கல் நகருக்குப் புறத்தே, வீடும் விளக்கும் இல்லாத மேட்டுநிலத்தில் நின்று கிழக்கே நோக்கினால், கொல்லிமலைத் தொடர் நீண்டதொரு கருஞ்சுவர் போலத் தோன்றும். பனி இறங்கத் தொடங்கும் அவ்வேளையில், அச்சுவரின் விளிம்புக்குமேல் செந்நிற விண்மீன் ஒன்று எழும். அதற்குச் சற்றுத் தெற்கே, நூல் பிடித்தாற்போல் வரிசையாக நிற்கும் மூன்று விண்மீன்கள் தோன்றும். செந்நிறத்தோடு ஒளிர்வதே திருவாதிரை. நள்ளிரவில் அது உச்சிவானை அடையும். விடியுமுன் மேற்கே சாயும். சேலத்து மக்கள் கண்ணுக்கு அது மறையும் இடம் கஞ்சமலைக்குச் சற்று வடக்கே அமையும்.

இவ்விண்மீனைத் தமிழ் மக்கள் நெடுங்காலமாக அறிவர். செந்நிறம் உடைமையால் அதனைச் சிவபெருமானுக்குரிய மீன் என்று போற்றினர். மார்கழித் திருவாதிரை நாளில் வீடுதோறும் களி கிண்டிப் படைப்பதும், கோயில்களில் ஆதிரைத் தரிசனம் நிகழ்வதும் இன்றும் வழக்கில் உள்ளன. இரவெல்லாம் கண் விழித்து லாரி ஓட்டும் நாமக்கல் ஓட்டுநரும், கிணற்று நீரை வயலுக்குப் பாய்ச்சும் இராசிபுரத்து உழவரும் அதனை நாள்தோறும் காண்கின்றனர். எனினும் அது எத்துணைக் காலமாக எரிகின்றது, இன்னும் எத்துணைக் காலம் எரியும் என்று கேட்போர் மிகச் சிலரே. வானத்தில் உள்ளவை யாவும் என்றும் உள்ளவை என எண்ணுவதே மனித இயல்பு. மலை பழையது, விண்மீன் அதனினும் பழையது, இவ்வாறே பலரும் கருதுவர்.

திருவாதிரையைப் பொறுத்தவரை இக்கருத்து முற்றிலும் தலைகீழானது. சேலம், நாமக்கல் சமவெளிகளின் அடியில் கிடக்கும் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தவை என நிலநூலார் கணித்துள்ளனர். திருவாதிரை பிறந்து ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டே ஆகியிருக்கும் என்பது வானநூலார் துணிபு. கொல்லிமலை பிறந்தபொழுது அந்த விண்மீன் இல்லை. மலை தோன்றி 200 கோடி ஆண்டுகள் கடந்த பின்னரும் அது இல்லை. உலகில் பெரும்பல்லிகள் தோன்றிப் பெருகி அழிந்த காலத்தும் அது இல்லை. மலைகள் இன்றுள்ள உருவத்தை ஏறத்தாழ அடைந்துவிட்ட பின்னரே அது வானில் ஒளிரத் தொடங்கியது. பாறையோடு ஒப்பிட்டால், திருவாதிரை நேற்றுப் பிறந்த குழந்தை.

அக்குழந்தை இன்று சாகுந்தறுவாயில் உள்ளது என்பதுதான் வியப்பு. ஒரு கோடி ஆண்டிலேயே அதற்கு முதுமை வந்துவிட்டது. நம் ஞாயிறோ பிறந்து 460 கோடி ஆண்டு கழிந்தும் நடுவயதில் நிற்கின்றது. இன்னும் 500 கோடி ஆண்டு அது அமைதியாக ஒளிரும். ஒரே வானில் உள்ள இரு விண்மீன்களுக்குள் ஆயுளில் இத்துணை வேற்றுமை எங்ஙனம் வந்தது?

திருவாதிரை பெரியது என்பதே இதற்கு விடை. பெரியதாயின் எரிபொருளும் மிகுதியாக இருக்குமே, ஆயுளும் நீள வேண்டுமே என்று மாணவர் வினவலாம். வினா முறையானதே. கோயிலில் எரியும் சிறு அகலையும், திருவிழாவில் ஏந்திச் செல்லும் தீவட்டியையும் ஒப்பிட்டு நோக்குக. தீவட்டி குடிக்கும் எண்ணெய் அகலின் எண்ணெயினும் பன்மடங்கு. ஆயினும் சாமி தெருவைச் சுற்றி வருமுன் அதற்கு இருமுறை எண்ணெய் வார்க்க வேண்டும். அகலோ ஒருமுறை இட்ட எண்ணெயில் இரவைக் கடக்கும். எண்ணெய் எவ்வளவு உண்டு என்பது ஆயுளின் ஒரு பாதியே. எவ்வளவு விரைவாகச் செலவழிகின்றது என்பது மறுபாதி.

ஞாயிற்றைப்போல் பத்து மடங்கு பொருண்மை உடைய விண்மீன் ஒன்றை எடுத்துக்கொள்வோர் இக்கணக்கை எளிதில் போடலாம். அதன் எரிபொருள் பத்து மடங்கு. அதன் ஒளியோ ஏறத்தாழ ஐயாயிரம் மடங்கு. ஞாயிற்றின் வாழ்நாள் மொத்தம் 1000 கோடி ஆண்டு. அதனைப் பத்தால் பெருக்கி ஐயாயிரத்தால் வகுத்தால் வருவது 2 கோடி ஆண்டு. பொருண்மை பத்து மடங்கான மாத்திரத்தில் வாழ்நாள் ஐந்நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. பொருண்மை இருபத்தைந்து மடங்கானால் அது எழுபது இலட்சம் ஆண்டளவில் நின்றுவிடும்.

இவ்வூதாரித்தனம் விண்மீனின் விருப்பத்தால் நேர்வதன்று. விண்மீன் என்பது தன் எடையால் தன்னையே நசுக்கிக்கொள்ள முயலும் வளியுருண்டை. நசுங்காமல் இருக்க வேண்டுமானால் அதன் உள்ளே வெப்பம் மிக வேண்டும். எடை மிகுந்த விண்மீன் தன்னைத் தாங்கிக்கொள்ள மிகுந்த வெப்பத்தோடு எரிந்தே ஆக வேண்டும். வெப்பம் சற்று உயர்ந்தாலும் அணுக்கரு இணைவு பன்மடங்கு விரைவுபடும். நிமிர்ந்து நிற்பதற்காகவே தன் செல்வத்தை எல்லாம் வாரி இறைக்க வேண்டிய நிலை அதற்கு.

அணுக்கரு இணைவு என்பது விறகு எரிவது போன்றதன்று. விண்மீனின் கருவில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் கூடி ஹீலியம் ஆகின்றன. அப்போது சிறிதளவு பொருள் ஆற்றலாக மாறி வெளிப்படுகின்றது. ஹைட்ரஜன் தீர்ந்தபின் கரு சுருங்கும். சுருங்கவே வெப்பம் ஏறும். ஏறிய வெப்பத்தில் ஹீலியமே எரிபொருளாகிக் கார்பனையும் ஆக்ஸிஜனையும் தரும். ஞாயிற்றை ஒத்த சிறு விண்மீன்கள் இவ்வளவோடு நின்றுவிடும். பெருவிண்மீன்களோ நிற்பதில்லை. ஒருமுறை எரிந்த சாம்பலே மறுமுறைக்கு விறகாகின்றது. கார்பன் எரிந்து நியானும் மக்னீசியமும் விளைகின்றன. பின்னர் நியான் எரிகின்றது. பின்னர் ஆக்ஸிஜன் எரிந்து சிலிக்கனும் கந்தகமும் பிறக்கின்றன. முடிவில் சிலிக்கன் எரிந்து இரும்பு விளைகின்றது.

ஞாயிற்றைப்போல் இருபத்தைந்து மடங்கு பொருண்மை உடைய விண்மீனில் இப்படிகள் ஒவ்வொன்றும் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதை அறிஞர் கணித்துள்ளனர். ஹைட்ரஜன் எரிய எழுபது இலட்சம் ஆண்டு. ஹீலியம் எரிய ஐந்து இலட்சம் ஆண்டிற்குச் சற்று மேல். கார்பன் எரிய ஏறத்தாழ அறுநூறு ஆண்டு. நியானுக்கு ஓராண்டு. ஆக்ஸிஜனுக்கு ஆறு மாதம். சிலிக்கனுக்கு ஒரே நாள்! எழுபது இலட்சம் ஆண்டு வாழ்ந்த விண்மீனின் கடைசி எரிபொருள், ஒரு பகலும் ஓர் இரவும் கழியுமுன் தீர்ந்துபோகின்றது.

இந்நிலையில் அவ்விண்மீனை அறுத்துப் பார்க்க இயலுமாயின் அதன் உள்ளமைப்பு வெங்காயத்தை ஒத்திருக்கும். மேல் தோலில் ஹைட்ரஜன்; அதனுள் ஹீலியம்; அதனுள் கார்பன்; அதனுள் ஆக்ஸிஜனும் நியானும் மக்னீசியமும்; அதனுள் சிலிக்கன்; நடுவே இரும்பு. சேலத்தார் இதனை வேறொரு வகையாலும் எண்ணிப் பார்க்கலாம். நகருக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரத்தில், வெள்ளை வெளேரென்று தோன்றும் குன்றுகள் உண்டு. ஆங்கிலேயர் அவற்றைச் சுண்ணக்குன்றுகள் என மயங்கிப் பெயரிட்டனர். அங்கே வெட்டி எடுக்கப்படுவது சுண்ணம் அன்று. மக்னீசியம் கலந்த வெள்ளைக்கல். மாக்னசைட் என்பது அதன் நூற்பெயர். கடும் வெப்பத்தையும் தாங்கவல்ல செங்கற்கள் அக்கல்லிலிருந்து செய்யப்படுகின்றன. உருகிய எஃகு கொதிக்கும் உலைகளின் உட்சுவர் அச்செங்கற்களால் ஆனது. வெளியே மக்னீசியச் சுவர், உள்ளே இரும்பு. சாகும் விண்மீனின் உள்ளும் மக்னீசியப் படலம் வெளியே நிற்க, இரும்பு அதன் உள்ளே திரள்கின்றது. இது தற்செயலான ஒற்றுமையே. எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இரும்பு திரள்வது விண்மீனுக்கு இறுதி ஓலை வந்தது போன்றதாகும். ஏனைய சாம்பல்கள் மீண்டும் எரியும்; இரும்பு எரியாது. இரும்பின் அணுக்கருவை இணைத்தாலும் பிளந்தாலும் ஆற்றல் கிடைப்பதில்லை. மாறாக ஆற்றலைச் செலவிட வேண்டும். ஆகவே கருவின் நடுவே பயனற்ற சாம்பல் குவிந்துகொண்டே போகின்றது. அடுப்பு அணைந்துவிட்டது, மேலே பல ஞாயிறுகளின் எடை அழுத்துகின்றது. அந்த எடையை எதுவரை தாங்கலாம்? இவ்வினாவிற்கு அடிப்படையான விடையைக் கண்டவர் சென்னையில் கல்வி பயின்ற தமிழ் இளைஞர் ஒருவர்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தந்தையாரின் தம்பியே சர் சி. வி. இராமன். சந்திரசேகர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 31-ஆம் நாள் மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. பருவக்காற்றால் கொந்தளித்த கடல் அமைதியுற்றபின், அவர் தாளும் எழுதுகோலும் கொண்டு கப்பல் தளத்தில் ஒரு கணக்கில் ஆழ்ந்தார்.

அக்கணக்கு வெள்ளைக் குறுவிண்மீன்களைப் பற்றியது. ஞாயிறு போன்ற விண்மீன்கள் எரிந்து முடிந்தபின் எஞ்சும் கனல் உருண்டைகள் அவை. பொருண்மையில் ஞாயிற்றளவு, பருமையில் பூமியளவு. எரிபொருள் அற்ற பின்னும் அவை நசுங்காமல் நிற்பதற்குக் காரணம் எலெக்ட்ரான்களின் எதிர்ப்பு என்பதை அக்காலத்து அறிஞர் கண்டிருந்தனர். ஓர் எல்லைக்குமேல் எலெக்ட்ரான்களை நெருக்க முடியாது. அவை விலக்கித் தள்ளும். சந்திரசேகர் எழுப்பிய வினா இதுவே: நெருக்கம் மிகுந்து, எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை அணுகினால் என்ன நேரும்? ஐன்ஸ்டீனின் சார்புக் கொள்கையை அங்கே பொருத்திக் கணக்கிட்டார். எதிர்ப்பு வலிகுன்றி, ஒரு குறிப்பிட்ட பொருண்மைக்கு மேல் அது பயன்படாது என்ற முடிவு வந்தது. அன்று அவர் கண்ட எண் சற்றுச் சிறியது. பின்னர்த் திருத்தம் பெற்று, ஞாயிற்றின் பொருண்மையில் 1.4 மடங்கு என நிலைத்தது. அதுவே இன்று சந்திரசேகர் வரம்பு என்று வழங்கப்படுகின்றது.

இம்முடிவை உலகம் உடனே ஏற்கவில்லை. 1935-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள் இலண்டனில், அரச வானியற் கழகத்தின் கூட்டத்தில் சந்திரசேகர் தம் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர் சர் ஆர்தர் எடிங்டன். அக்காலத்து வானநூலாருள் தலைசிறந்தவர். சந்திரசேகருடன் கேம்பிரிட்ஜில் அடிக்கடி அளவளாவியவர். அவருடைய கணக்குகளின் வளர்ச்சியை உடனிருந்து அறிந்தவர். அன்று அவர் அக்கொள்கையை நகையாடினார். ஒரு விண்மீன் அளவின்றிச் சுருங்கிக்கொண்டே போவது பொருந்தாச் செயல். அதனைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் விதி இருந்தே தீர வேண்டும் என்றார். அவையோர் சிரித்தனர். இருபத்துநான்கு வயது இளைஞருக்கு ஆதரவாக ஒருவரும் அன்று வெளிப்படையாக எழுந்து பேசவில்லை. கணக்கு சரியானதே என்று தனியே ஒப்புக்கொண்ட பேரறிஞர் சிலரும் அவையறியச் சொல்லத் தயங்கினர்.

கூர்ந்து நோக்கினால், எடிங்டன் கண்ட முடிவே சரியான முடிவு. அதனை நம்ப மறுத்ததே அவர் செய்த பிழை. தாங்குவார் இன்றி விண்மீன் உள்ளே இடிந்து வீழும் என்பதை அவர் மற்றெவரினும் தெளிவாகக் கண்டார். கண்டு, அது கூடாது என்றார். இயற்கை அவருடைய இசைவைக் கேட்கவில்லை.

சந்திரசேகர் சினந்து பூசலிடவில்லை. தம் கொள்கையை விட்டுக்கொடுக்கவும் இல்லை. 1937-இல் அமெரிக்கா சென்று சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தார். விண்மீன்களின் அமைப்பைப் பற்றித் தாம் அறிந்தவற்றை எல்லாம் 1939-இல் ஒரு நூலாக எழுதி வெளியிட்டுவிட்டு, வேறு துறையில் புகுந்தார். எடிங்டனோடு அவருக்கிருந்த நட்பு முறியவில்லை. 1944-இல் எடிங்டன் மறைந்தபோது அவருடைய அறிவுப்பெருமையை மனமாரப் போற்றிப் பேசினார். கப்பலில் கணக்கிட்டு ஐம்பத்துமூன்று ஆண்டுகள் கழித்து, 1983-இல் நோபெல் பரிசு அவரைத் தேடி வந்தது. அதனை அவரோடு பகிர்ந்துகொண்டவர் வில்லியம் ஃபவுலர். விண்மீன்களின் உள்ளே கார்பன் முதல் இரும்பு வரையிலான தனிமங்கள் எவ்வாறு விளைகின்றன என்பதை 1957-இல் வேறு மூவருடன் சேர்ந்து விளக்கியவர் அவர். ஒருவர் இரும்பு பிறக்கும் வழியைக் காட்டினார். மற்றவர் அவ்விரும்பு எந்த அளவு வரை நிற்கும் என்பதைக் காட்டினார்.

இரும்புக் கரு அந்த வரம்பை எட்டியதும் நிகழ்வதைக் காணப் பொழுது போதாது. ஒரு நொடிக்கும் குறைந்த காலத்தில், பூமியளவான கரு, நொடிக்குப் பல்லாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் உள்ளே சரிகின்றது. எலெக்ட்ரான்கள் புரோட்டான்களோடு நெருக்குண்டு நியூட்ரான்களாகின்றன. ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் விட்டமுள்ள உருண்டையாக, இராசிபுரத்திலிருந்து சேலத்தின் புறநகர்வரை அடங்கும் அளவினதாகக் கரு இறுகிச் சட்டென நிற்கின்றது. அதன்மேல் வந்து வீழும் பொருள் மோதித் திரும்புகின்றது. கருவிலிருந்து நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் வெள்ளமாகப் பெருகி வெளிப்படுகின்றன. வெடிப்பின் ஆற்றலில் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அவற்றோடு போகின்றது. எஞ்சிய ஒரு பங்கே விண்மீனின் மேற்படலங்களைச் சிதறடிக்கின்றது. அதனினும் மிகச் சிறிய கூறே கண்ணுக்குப் புலனாகும் ஒளி. அந்தச் சிறுகூறு பலகோடி ஞாயிறுகளின் ஒளிக்கு நிகராகும். இதனையே சூப்பர்நோவா என்பர்.

இத்தகைய வெடிப்பொன்று 1054-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் வானில் தோன்றியதைச் சீனர் எழுதி வைத்துள்ளனர். பகலிலும் அது இருபத்துமூன்று நாள் கண்ணுக்குத் தெரிந்தது. அக்காலத்தை ஒட்டித்தான் கொப்பத்துப் போர்க்களத்தில் சோழன் இராசாதிராசன் யானைமேல் இருந்தவாறே உயிர் நீத்தான் என்பது வரலாறு. வெடித்த இடத்தில் இன்று நண்டு வடிவான ஒளிமுகில் ஒன்று பரந்து கிடக்கின்றது. அதன் நடுவே நியூட்ரான் விண்மீன் ஒன்று நொடிக்கு முப்பது முறை சுழல்கின்றது.

நம் காலத்திற்கு அண்மையில் நிகழ்ந்தது 1987-ஆம் ஆண்டின் வெடிப்பு. அவ்வாண்டு பிப்ரவரி 23-ஆம் நாள் திங்கட்கிழமை. இந்திய நேரப்படி பிற்பகல் ஒரு மணி ஐந்து நிமிடம். சேலத்திலும் நாமக்கல்லிலும் பள்ளிப் பிள்ளைகள் நண்பகல் உணவை முடித்துக்கொண்டிருக்கும் வேளை. அந்நொடியில் அவர்தம் உடல் ஒவ்வொன்றின் ஊடும் நியூட்ரினோ வெள்ளம் பாய்ந்து சென்றது. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஆயிரங்கோடிக்கு மேற்பட்ட துகள்கள். ஏறத்தாழ 1,65,000 ஒளியாண்டுத் தொலைவில், பெரிய மகெல்லன் முகில் என்னும் விண்மீன் கூட்டத்தில், ஞாயிற்றைப்போல் இருபது மடங்கான விண்மீன் ஒன்று இடிந்து வீழ்ந்ததன் செய்தி அது. அவ்வேளையில் அம்முகில் நம் தொடுவானத்திற்குக் கீழே இருந்தது. ஆகவே துகள்கள் மேலிருந்து வரவில்லை. பூமியை ஊடுருவிக்கொண்டு, பிள்ளைகளின் காலடியிலிருந்து மேலெழுந்து சென்றன. ஒருவரும் உணரவில்லை. நியூட்ரினோ எதனோடும் எளிதில் மோதுவதில்லை. சப்பானில், காமியோகா என்னுமிடத்துச் சுரங்கத்தில் ஏறக்குறைய மூவாயிரம் டன் தூய நீரைத் தேக்கிக் காத்திருந்த கருவியில் பதினொரு துகள்களே சிக்கின. அமெரிக்காவில் ஓர் உப்புச் சுரங்கத்துக் கருவியில் எட்டு. விண்மீனின் உள்ளே நிகழும் இடிவைப் பற்றிக் காகிதத்தில் போட்ட கணக்குகள் மெய்யே என்பதை இந்தச் சில துகள்கள் நிலைநாட்டின.

ஒளி சில மணி நேரம் கழித்தே வந்தது. மறுநாள் தென்னமெரிக்க நாடாகிய சிலியில் இருந்தோர் அதனைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். தமிழ்நாட்டிலும் அதனைக் கண்டோர் உண்டு. சேலம் சமவெளிக்கு வடகிழக்கே, சவ்வாது மலையில் காவலூர் என்னும் சிற்றூரில், இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் உள்ளது. வைணு பாப்பு என்னும் அறிஞர் இடம் தேர்ந்து அமைத்தது அது. அங்கிருந்து நோக்குவோர்க்கு அந்தச் சூப்பர்நோவா தென் தொடுவானத்திற்கு மேல் எட்டுப் பாகை உயரத்திற்குமேல் ஏறாது. கை நீட்டிப் பிடித்தால் ஒரு முட்டியளவு உயரம். அவ்வளவு தாழ்வில் நின்றதையும் அறிவியலார் விடவில்லை. தொலைநோக்கியைத் தெற்கே சாய்த்து, அதன் ஒளியைப் பகுத்து ஆராய்ந்தனர்.

அந்த வெடிப்பு மற்றோர் உண்மையையும் உணர்த்தியது. கருவில் திரண்ட பழைய இரும்பு வெளியே வருவதில்லை; அது நியூட்ரான் உருண்டைக்குள் நசுங்கிப்போகின்றது. வெளியே வரும் இரும்பு வெடிப்பின் வெப்பத்திலேயே புதிதாகப் பிறக்கின்றது. முதலில் அது நிக்கல். நிக்கல் ஆறு நாளில் பாதி என்ற கணக்கில் கோபால்ட்டாகின்றது. கோபால்ட் எழுபத்தேழு நாளில் பாதி என்ற கணக்கில் இரும்பாகின்றது. 1987-இன் சூப்பர்நோவா மங்கியதும் அந்த எழுபத்தேழு நாள் கணக்குப்படியே. அவ்வொரு வெடிப்பில் விளைந்த இரும்பு, பூமியைப்போல் இருபதாயிரம் உருண்டைகளுக்கு நிகரானது.

இனிக் கஞ்சமலையைக் காண்போம். சேலத்திற்கு மேற்கே நிற்கும் அம்மலையின் உடல் இரும்புத்தாதுவால் ஆனது. மழைக்குப்பின் அதன் ஓடைகளில் கருமணல் ஒதுங்கும். காந்தக்கல்லை அருகே பிடித்தால் அம்மணல் சிலிர்த்து எழுந்து ஒட்டிக்கொள்ளும். இவ்வட்டாரத்தார் பண்டு மண் உலைகளில் கரியோடு தாதுவை இட்டுத் துருத்தி ஊதி இரும்பு எடுத்தனர். 1830-களில் ஆங்கிலேயர் ஒருவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவி, சேலத்துத் தாதுவை அங்கே கொண்டுசென்று உருக்கினார். 1981-இல் இம்மலைக்கு அருகே சேலம் உருக்காலை இயங்கத் தொடங்கியது.

அந்தக் கருமணல் ஒரு பிடியில் உள்ள இரும்பு அணுக்கள், பூமி பிறக்குமுன், ஞாயிறும் பிறக்குமுன், ஏதோ சில விண்மீன்களின் சாவில் பிறந்தவை. அவை அனைத்தும் பெருவிண்மீன்கள் தந்தவை என்று கூறிவிடலாகாது. இரும்பில் பெரும்பங்கு, வெள்ளைக் குறுவிண்மீன்கள் வெடித்ததால் கிடைத்தது என்பர். அவையும் சந்திரசேகர் வரம்பை அணுகும்போது வெடிப்பனவே. வெள்ளைக்கல் குன்றின் மக்னீசியமோ பெரும்பாலும் பெருவிண்மீன்களின் கொடை. அக்கல்லிலும் மற்றெல்லாப் பாறையிலும், கிணற்று நீரிலும், இழுக்கும் மூச்சிலும் கலந்துள்ள ஆக்ஸிஜனும் அவ்வாறே.

மரவள்ளிக் கொல்லையின் பசுமைக்குக் காரணமான பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் மக்னீசிய அணு ஒன்று அமர்ந்திருக்கின்றது. அக்கொல்லையில் களையெடுக்கும் பெண்ணின் குருதிச் செம்மைக்குக் காரணமான பொருளின் நடுவில் இரும்பு அணு அமர்ந்திருக்கின்றது. வளர்ந்த ஒருவர் உடலில் உள்ள இரும்பு முழுவதையும் திரட்டினால் நான்கு கிராம் அளவே தேறும். ஓர் ஆணிக்குப் போதும். நாமக்கல்லின் கோழிப்பண்ணைகளிலிருந்து நாள்தோறும் லாரிகளில் ஏறிச்செல்லும் முட்டைகளின் ஓட்டில் உள்ள கால்சியமும் விண்மீன் வெடிப்புகளில் விளைந்ததே. பெருவிண்மீன்கள் நீடு வாழ்ந்திருப்பின் இவை யாவும் அவற்றின் வயிற்றுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்திருக்கும்.

2019-ஆம் ஆண்டின் இறுதியில் திருவாதிரை மங்கத் தொடங்கியது. உலகெங்கும் வானத்தை நோக்குவோர் பரபரப்புற்றனர். 2020-ஆம் ஆண்டு சனவரி 10-ஆம் நாள் ஆதிரைத் தரிசனம். அன்று முழுமதி அதன் அருகே நின்றமையால், கோயிலிலிருந்து வெளிவந்த மக்கள் அந்த மங்கலைக் கண்டிருக்க மாட்டார்கள். பிப்ரவரித் திங்களில் அதன் ஒளி வழக்கமான அளவில் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாயிற்று. வெடிக்கப் போகின்றதோ என்று பலர் வினவினர். அவ்வாறு நிகழவில்லை. விண்மீன் தன் மேற்பரப்பிலிருந்து உமிழ்ந்த வளி குளிர்ந்து தூசியாகி, அதன் முகத்தில் ஒரு பகுதியை மறைத்தது என்று ஆராய்ந்து கண்டனர். சில மாதங்களில் பழைய ஒளி திரும்பிவிட்டது.

உண்மையில் அந்த மங்கல் நிகழ்ந்தது 2019-இல் அன்று. திருவாதிரையின் ஒளி இங்கு வந்து சேர ஏறக்குறைய 550 முதல் 700 ஆண்டுகள் ஆகும். விசயநகர வேந்தர் காலத்தை ஒட்டிப் புறப்பட்ட ஒளியே இன்று காணப்படுவது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் அது வெடித்துவிட்டிருந்தாலும், அச்செய்தி வழியில்தான் இருக்கும். ஆயினும் கணக்கிட்டோர் அவ்வாறு கருதவில்லை; இன்னும் ஓர் இலட்சம் ஆண்டிற்குள் என்றே கூறுகின்றனர். அது வெடிக்கும்போது முதலில் நியூட்ரினோக்கள் வரும். அவற்றைப் பிடிக்க இன்று பல நாடுகளில் கருவிகள் காத்திருக்கின்றன. பின்னர் ஒளி வரும். பல மாதங்கள் பகலிலும் தெரியும்; இரவில் பாதிமதியளவு ஒளிரும்; மேட்டுநிலத்துப் பனைகளுக்கு அதன் ஒளியில் நிழல் விழும். பூமிக்குத் தீங்கு ஏதும் நேராது. தீங்கு நேர அது சில பத்து ஒளியாண்டுகளுக்குள் இருந்திருக்க வேண்டும். சில ஆண்டுகளில் அவ்விடம் வெறுங்கண்ணுக்கு இருண்டுபோகும். மூன்று விண்மீன் வரிசைக்கு வடக்கே செம்மீன் இராது.

இப்போதைக்கு அது தன் வழக்கம் தவறாமல் இயங்குகின்றது. சித்திரையில் மாலை மேற்கே தாழ்ந்து காணப்படும். ஆனித் தொடக்கத்தில் ஞாயிற்றின் ஒளியில் மறைந்திருக்கும். ஆடி பிறந்தபின், விடிவதற்குச் சற்று முன், காற்று வீசும் வேளையில், கொல்லிமலைக்குமேல் மீண்டும் எழும். நாமக்கல் வட்டத்து உழவர் நீர் இறைக்க எழுந்து கிணற்றடிக்குச் செல்லும் நேரம் அது.